நான் கண் மூடியிருந்த படம்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று, வெக்கை. காலையில் பள்ளிச் சட்டை நாலு தைத்து முடித்தது. பொத்தான் வேலை மிச்சம். பிறகு பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் துறைமுகப் பக்கம், வகுப்புக்கு. கிழமைக்கு ஒரு நாள், இது ஐந்தாவது கிழமை.

தோள் நோவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் அனுப்பிய வகுப்பு. பழைய பயம் உடம்பில் நிற்கிறதாம், உடம்பு வழியாகவே அதை இறக்க வேண்டுமாம். நம்பவில்லை. வகுப்பு எடுக்கும் ரஜனி மிஸ் முதல் நாள் சொன்ன ஒன்றுக்காகத்தான் திரும்பப் போனேன். "இங்க ஒருத்தரும் கதை சொல்லத் தேவையில்லை. பாதம் நிலத்தில படுதோ எண்டு மட்டும் பாருங்கோ." யுத்த நேரம் இருந்த முகாமில் நடந்ததை எத்தனை விசாரணையில், எத்தனை மேசைக்கு முன்னால் சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

இன்று கண்ணை மூடினேன். ஆட்கள் இருக்கும் இடத்தில் நான் மூடுவதில்லை. பஸ்ஸில் இல்லை, கோயிலில் கும்பிடும்போதும் இல்லை. முகாமில் கண் மூடிய நேரத்தில்தான் வந்தார்கள். இன்று இரண்டு நிமிடம் இருக்கும். தோள் தானாக இறங்கியது. பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வரும் நஸீரா மூச்சு விடுவது கேட்டது. சந்தோஷம்.

மீன் வாங்க மறந்துபோனேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

சல்லியிலிருக்கும் மச்சாள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடவே அவருடைய குரல்: "மச்சாள், இது நீங்கள்தானே? இருந்துகொண்டே நித்திரையோ?"

நான்தான். கண் மூடியபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி. வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், ஊர் முழுக்கப் பார்க்க. கீழே ஒரு வரி: தன் கதையைப் பகிர்ந்து மனம் ஆறும் பெண்.

எந்தக் கதை? யாரிடம் பகிர்ந்தேன்?

யன்னல் பக்கமிருந்து எடுத்த படம். செவ்வாய் அங்கே நின்றவர் அந்த நிறுவனத்தின் திட்ட அலுவலர். கதிரை அடுக்க வந்தவர் என்றல்லவா நினைத்தேன்.

தைத்த கொலர் கோணல். பிரித்துத் தைத்தது. திரும்பவும் கோணல்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

அலுவலகம் போனேன். திட்ட அலுவலர் கதிரை காட்டினார், இருக்கவில்லை.

"படத்தை அழியுங்கோ."

"அக்கா, நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள்தானே." படிவத்தை நீட்டினார். முழுக்க இங்கிலிஷ். வரவுப் பதிவு என்று சொல்லி முதல் நாள் வாங்கியது. "கொழும்பில கேக்கோணும். நல்ல படம் அக்கா. முகத்தில ஒரு அமைதி தெரியுது."

களவெடுத்தவன் எடுத்த பொருளின் அழகைச் சொல்கிறான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த அமைதி, யாரைக் கேட்டு எடுத்தாய்? இப்படியெல்லாம் வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைத்தான் ஏசினேன்.

நஸீரா போனில்: "நாளைக்கி என்ட மொகத்தயும் போடுவாங்க. நான் இனி வரமாட்டன்." நானும் அதையே சொன்னேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

போனேன். வகுப்புக்கு இல்லை, ஏசிவிட்டு வரத்தான். நஸீராவும் அதற்கே வந்திருந்தாள். படம் இன்று காலையிலும் அங்கேதான்.

எல்லாருக்கும் முன்னால் ரஜனி மிஸ்ஸிடம் கேட்டேன். "கண்ணை மூடச் சொன்னது நீங்கள். ஆர் வந்து நிக்கிறதெண்டு நீங்கள் பாத்திருக்க வேண்டாமோ?"

"ஓம். நானும் மூடிக்கொண்டுதான் இருந்தனான். பிழை என்னில." மறுக்கவே இல்லை. நான் தயார் பண்ணிக்கொண்டு போன பாதி ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. பிறகு சொன்னார்: "இண்டைக்கு ஒருத்தரும் கண் மூட வேண்டாம். நான் மட்டும் மூடுறன். நீங்கள் பாருங்கோ."

மூடினார். இமை துடித்தது. எங்கே பார்ப்பதென்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் தீரவும் இல்லை.

அப்போது கதவு திறந்தது. திட்ட அலுவலர். பின்னால் கொழும்பு ஆட்கள் இருவர், ஒருவர் கையில் கமரா.

எழும்பிப் போய் அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். வெளியிலிருந்து தள்ளினார்கள். முதுகை வைத்தேன்.

"அக்கா, இவையள் சும்மா பாக்க வந்தவை."

"ஏலாது."

நஸீராவும் வந்து முதுகு கொடுத்தாள். இவ்வளவு சத்தத்துக்கும் மிஸ் கண்ணைத் திறக்கவில்லை. அவர் திறக்கும்வரை நாங்கள் கதவை விடவில்லை.