உப்பு வாங்காத ஊருக்கு ஒரு விளம்பரம்

மரக்காணம்
12 மே 2025

அன்புத் தங்கச்சி ஆன்மேரிக்கு, அக்கா மெர்லின் எழுதறது.

போன்ல பேசினா மூணாவது வார்த்தையிலயே நமக்குச் சண்டை வந்துடுது. அதான் தங்கராசு லோடு ஆட்டோவில உனக்கு வர்ற உப்பு மூட்டை வாயில இதைக் கட்டி அனுப்பறேன்.

குயிலாப்பாளையத்துக் கடைங்க எல்லாம் பாதி ஆர்டர்தான் தருது, கெஸ்ட் ஹவுஸ் காலியாக் கெடக்குதுங்கற. இங்க நம்ம பேக்கிங் ஷெட்டுல ஆறு பொம்பளைங்களுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. இந்த நேரத்துல பேங்குல இருக்கற ஒரு லட்சத்துல பாதியை விளம்பரத்துக்குக் கேக்கற. அடுப்புல உலை இல்லாத வீட்டுக்கு வாசல்ல சீரியல் லைட்டா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா, நாலு பேரு நீ போன்ல நம்ம உப்பைப் பத்திப் பேசிப் போடற வீடியோவைக் காட்டி, "உப்பு அக்கா உன் தங்கச்சியாமே"ன்னு கேக்கறாங்க. எட்டு வருஷமா உப்பைச் சலிச்சு என் விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. ஆனா உப்பு அக்கா நீயாம். எரியுதுடி எனக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா
மெர்லின்


குயிலாப்பாளையம்
15 மே 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

விரலுக்குக் களிம்பு வாங்கித் தங்கராசு கிட்டக் குடுத்திருக்கேன். படுக்கும்போது தடவிக்க.

இப்ப எல்லாக் கடைக்காரனும் செலவுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டான். இப்ப நாம மெதுவாப் பேசினாக்கூட கேக்கும். நாமளும் மூடிக்கிட்டா, நல்ல காலம் திரும்பும்போது நம்ம 'புறா உப்பு'ன்னு ஒண்ணு இருந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? சரி, பாதி வேணாம். நாப்பதாயிரம் போதும். ஒரு வேளைக்கு ஆகற மாதிரி சின்னப் பொட்டலம் போட்டு, இருபது கெஸ்ட் ஹவுஸ்ல டிபன் மேஜையில ஓசியா வைப்போம். மீதி அறுபதையும் தொடாம ஷெட்டுப் பொம்பளைங்க கூலிக்கு வச்சிரு. கோட்டக்குப்பத்துல ஒரு ஓட்டல்காரர் பொட்டலம் வந்தா மாசா மாசம் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஜூன் பத்துக்குள்ள காட்டணும். செக்குல கையெழுத்து உன்னுது, நீ முடிவு பண்ணு.

வீடியோவில நிக்கச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டேன். தலை சரியா இல்லன்னு உள்ள ஓடிட்ட. மறந்துட்டியா அக்கா?

உன்
ஆன்மேரி


மரக்காணம்
9 ஜூன் 2025

ஆன்மேரிக்கு,

முடிவு பண்ணிட்டேன். அந்தோணியார் திருவிழாவுல கடைசி நாள் உபயம் நம்மது. வளைவு, லைட்டு, தேர் போற தெரு முழுக்க பேனர். 'புறா உப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டு, பக்கத்துல ஏழடிக்கு என் போட்டோ. நீலப் பட்டு கட்டி, தலைக்குப் பூ வச்சு எடுத்தது. தொண்ணூறாயிரம் ஆச்சு. மந்தமான காலத்துலதான் செலவு பண்ணணும்னு நீதானே சொன்ன!

சாமியார் மைக்குல என் பேரைச் சொல்லப் போறாரு. பதிமூணாம் தேதி வந்து பாரு. உன்னைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப, அதான் கேக்கல. உன் போட்டோ மறந்துபோய் விடல, வேணும்னேதான் போடல.

மெர்லின்


குயிலாப்பாளையம்
15 ஜூன் 2025

அக்காவுக்கு,

வந்தேன். உன் கண்ணுல படாம வளைவுகிட்ட ஒரு மணி நேரம் நின்னேன். போட்டோவுல அழகாத்தான் இருக்கற.

அண்ணாந்து பாத்துட்டுப் போனவங்க எல்லாரும் உப்பளத்துக் கூலிக்காரங்க, இல்லன்னா அவங்க புள்ளைங்க. நம்ம ஊருல யாராவது உப்பைக் காசு குடுத்து வாங்கி நீ பாத்திருக்கியா? பாத்தியில இருந்து வருஷத்துக்கும் சும்மா அள்ளிட்டு வர்ற ஜனம். அவங்களுக்குப் போய் உப்பு விளம்பரம் வச்சிருக்க. இது உனக்குத் தெரியாம இல்ல. வாங்கறவங்க பாக்கணும்னு வைக்கல, நான் பாக்கணும்னு வச்ச. பாத்துட்டேன்.

ஓட்டல்காரர் வேற ஆள்கிட்டப் போயிட்டாரு. நான் இடையஞ்சாவடியில ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டேன். இனிமே மூட்டை அனுப்பாத. கூலிக்கு என்ன வழின்னு ஷெட்டுல கொளஞ்சியம்மாளுக்கு நீயே பதில் சொல்லிக்க.

ஆன்மேரி


மரக்காணம்
6 ஜூலை 2025

என் தங்கச்சி ஆன்மேரிக்கு,

போன வாரம் அனுப்பின மூட்டை கட்டுகூட அவுக்காம திரும்பி வந்துடுச்சு. வாயில கட்டின லெட்டரும் அப்படியே இருந்துது. தங்கராசு என் மூஞ்சியைப் பாக்காம இறக்கி வச்சுட்டுப் போயிட்டான். அதுல எழுதினதைத்தான் திரும்ப எழுதறேன்.

நீ சொன்னது சரி. பேனருக்குக் காசு கட்டப் போகும்போதே கொளஞ்சியம்மாள், "இங்க யாரும்மா உப்பு வாங்குவா?"ன்னு கேட்டா. உன் வேலையைப் பாருன்னுட்டேன். உன் வீடியோவை நிறைய பேரு பாத்தா எனக்குச் சோறு இறங்காது. கம்மியாப் பாத்தா அன்னிக்கு நல்லாத் தூங்குவேன். கூடப் பொறந்தவ மேலயே இப்படி ஒரு வயித்தெரிச்சல். அதுக்குத்தான் தொண்ணூறாயிரம்.

வளையலை வித்துக் கூலி குடுத்துட்டேன். திடீர்னு மழை கொட்டின அன்னிக்கு வேற எதுவும் கைக்குக் கெடைக்கல, அந்த ஏழடி பேனரை இழுத்து உப்புக் குவியல் மேல போட்டோம். மூஞ்சி உள்பக்கம். அந்த ஒரு குவியல்தான் தப்பிச்சுது.

இந்த மூட்டையில இருக்கற ஐநூறு பொட்டலமும் அந்த உப்புதான். ஆறு பேரும் நானும் உக்காந்து கையால மடிச்சோம். 'உப்பு அக்கா ஆன்மேரி'ன்னு ஸ்டாம்பு குத்தி, கீழ உன் போன் நம்பர் போட்டிருக்கு. என் பேரு எதுலயும் இல்ல.

இதையும் திருப்பி அனுப்பணும்னா அனுப்பு. மூட்டைக் கட்டை மட்டும் அவுத்துட்டு அனுப்பு. நீ படிச்சேன்னாவது எனக்குத் தெரியட்டும்.

அக்கா
மெர்லின்