தட்டி நிமிர்த்திய பிளேட்

இயேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
20 ஒக்ரோபர் 2024.

அன்பு மகன் ஜெரால்ட்டுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் தேக சுகத்துடன் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் உடம்பில் முழங்கால்களைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைக் கையால் எழுதுகிறேன். அடுத்த வீட்டுப் பிரதீபா போனில் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். போனில் கதைத்தால் நீ எல்லாவற்றுக்கும் ஓம் அம்மா, ஓம் அம்மா என்கிறாய். எழுதினால் வாசிக்கத்தான் வேண்டும்.

நீ அனுப்பிய புல்லு வெட்டும் மெசின் நின்றுவிட்டது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு உன்னை எதிர்பார்த்திருந்தபோது கப்பலில் வந்த மெசின். குறை சொல்லவில்லை. நல்ல மெசின். அன்றிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும், ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பாக, கல்லறைகள் மூடிப்போகாமல் எங்கள் சேமக்காலை முழுவதையும் அதுதான் வெட்டியது. ஓட்டுவது உன் மச்சான் லெனாட். பக்கத்தில் நின்று பார்ப்பது நான்.

பிளேட் மழுங்கினால் அவன் அரத்தால் தீட்டுவான். ஒரு முனைக்கு எத்தனை இழுப்போ மற்ற முனைக்கும் அத்தனை இழுக்க வைப்பேன். பிறகு நடுத்துளையில் ஆணியைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்போம். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் தீட்ட வேண்டும். இல்லாவிட்டால் மெசின் உதறும். மாமி பள்ளிக்கூடம் நடத்துறா என்று அவன் வெளியில் சொல்வது எனக்குத் தெரியும்.

போன கிழமை புல்லுக்குள் கிடந்த ஒரு பழைய இரும்புச் சிலுவையின் அடிக்கட்டையில் பிளேட் அடிபட்டு மெசின் துள்ளி நின்றது. லெனாட் உடனே அதைச் சரித்து அடியில் கையை விடப்போனான். நின்ற மெசின் என்ன செய்யும் என்று என்னைக் கேட்கிறான். பிளக் வயரைக் கழற்றாமல் பிளேட்டைத் திருப்பினால் அது மறுபடியும் எடுக்கும், விரல் போகும் என்று சொல்லி வயரை நானே இழுத்துவிட்டேன். பிளேட்டின் ஒரு முனை வளைந்திருந்தது. என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். மயிரளவில் ஒரு வெடிப்பும் இருந்தது.

அடுத்த நாள் அதைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, வெடிப்பை வெல்டிங்கில் ஒட்டி, பளபளவென்று தீட்டிக் கொண்டுவந்தான். பார்த்தால் புதிதுதான். பூட்ட நான் விடவில்லை. ஒட்டிய இடம் அந்த வேகத்தில் தாங்காது, துண்டாகப் பறக்கும் என்றேன். சனம் காத்துக்கொண்டு நிற்குது மாமி, புல்லைத்தானே வெட்டப்போறம் என்று எரிச்சல்பட்டான். அவனுடைய காலில் சண்டைக் காலத்துச் செல் துண்டு இன்னும் கிடக்கிறது, உனக்குத் தெரியும். நான் கேட்டேன்:

“லெனாட், உன்ரை காலுக்குள்ளை கிடக்கிறது எவ்வளவு பெரிசு?”

அவன் பிளேட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான்.

ரவுண் கடைகளில் புதுப் பிளேட் தேடினேன். நீளம் சரியானதுக்குத் துளை சரியில்லை. துளையைப் பெருப்பித்துத் தரட்டா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்த வெயிலில் இனிக் கடை கடையாக ஏற என்னால் ஏலாது.

நேற்று லெனாட் புல்லுச் செருக்கும் உழவாரத்தோடு சேமக்காலைக்கு வந்தான். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெட்டாமல் கிடந்த பக்கத்தை முட்டுக்காலில் இருந்து கையால் செருக்கினான். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பின்னேரம் எல்லாக் கல்லறையும் வெளித்துவிட்டது, அப்பாவுடையதைத் தவிர. அப்போதுதான் வாய் திறந்தான்.

“மாமான்ரையையும் செருக்கிவிடட்டே மாமி?”

வேண்டாம், அதுக்கு ஆள் வரும் என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். யார் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. லெனாட் உழவாரத்தைக் கழுவிக்கொண்டு போனான். என்னைப் பிரதீபா கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

திருநாள் வருகிற மாதம் இரண்டாம் திகதி. பூசை முடிந்து சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வருவார். அப்பாவுடையது இப்போது இடுப்பளவு புல்லுக்குள் நிற்கிறது.

மெசினின் இலக்கத்தைப் பிரதீபா தனியாக அனுப்புவாள். அதே இலக்கத்துக்குரிய பிளேட்டும், அதைப் பூட்டும் புது ஆணியும் வாங்கு. பழைய ஆணியில் நம்பிக்கை இல்லை. தபாலில் போடாதே, நேரத்துக்கு வராது. கையில் கொண்டுவரும் பையில் வைக்கப் பிளேனில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள் தடித்த துணியால் சுற்றி வை. உடுப்பு அதிகம் வேண்டாம். நீ உடுத்த அப்பாவின் சாரங்களைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன் பயணத்தை ஆசீர்வதிப்பாராக.

உன் அன்புள்ள அம்மா,
பிலோமினா