முன் டயர் தேய்ந்த காரணம்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ரூபனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் உடம்பு கெடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக வண்டி ஓட்டுகிறாய் என்று நம்புகிறேன். போலந்தில் பனி ஆரம்பித்துவிட்டது என்றாய். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் எந்நேரமும் அப்பா கையில்தான் இருக்கிறது. பாட்டு கேட்கிறார். மெசேஜ் வந்தால் அவர்தான் முதலில் பார்க்கிறார். பேச்சு வரவில்லையே தவிர, படித்தால் எல்லாம் புரிகிறது. அவர் பார்க்கக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கை அசையவில்லை. வலது காலை இழுத்து இழுத்து வாசல்வரை வருகிறார். வாரம் ஒருமுறை வேலூர் பாகாயத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். யார் பார்க்க வந்தாலும் அதே பேச்சுதான். மாதனூர் தாண்டி ஸ்ட்ரோக் வந்தபோதும் வண்டியை அழகாக ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை என்று. அவர்கள் சொல்லச் சொல்ல இவர் தலையை ஆட்டுவார். அப்போது மட்டும் முகம் கொஞ்சம் நேராகும். எனக்கு இப்போதெல்லாம் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. பாத்திரம் கழுவுகிறேன், பஸ் ஏறுகிறேன், ஷூ பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் லாரியின் முன் இடது டயர் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது என்று உனக்குப் போட்டோ அனுப்பினேன். வளைவில் வேகமாகத் திருப்புவதால் வருவது என்றாய். அப்பாவுக்குப் பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த சர்தார் பாஷாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, “பாய், நீ லாரி ஓட்றியா, ராட்டினம் சுத்தறியா” என்று கேட்டாய். எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவை அவர் ஒரு தடவை பார்த்தார். “சரி தம்பி, உனக்குப் புடிக்கலன்னா நின்னுக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் சாவியை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நீ பேரணாம்பட்டிலிருந்து ஏற்பாடு செய்த தானிஷ் வந்தான். நிதானமான டிரைவர். அவனுக்குப் புது டயர் போட்டுக் கொடுத்தோம். அதுவும் அதே ஓரத்தில் தேய ஆரம்பித்தது. “ஆன்ட்டி, சத்தியமா நான் ஸ்பீடே போவல” என்று கேட்காமலே வந்து நின்றான். காற்று சரியாகத்தான் இருந்தது. பேரிங்கில் ஆட்டம் இல்லை. முன் சக்கரம் திரும்புகிற கிங்பின் போன வருடம் மாற்றியது. நான் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுப்பு. வெளியிலிருந்து உள்ளே வந்தால் ரம்பப் பல். சத்துவாச்சாரிக்கு அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுபோனோம், தானிஷ் தூக்கிவிட அப்பாவும் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டேனரிக்கு உப்புத் தோல் ஏற்றி இறக்கிய வண்டி, அடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, “இன்னாம்மா இது, கழுவிட்டு வரக் கூடாதா, இன்னிக்கு நான் வூட்டுக்குப் போனா பொண்டாட்டி உள்ள விடமாட்டா” என்றான். முன் சக்கரத்தை மட்டும் பார்த்தான். எல்லாம் சரி என்றான். பின்பக்கம் யாரும் குனியவில்லை. தோல் வண்டிக்கு அடியில் யார் படுப்பார்கள்.

எங்கள் செக்கிங் மேஜைக்குத் திரும்பி வருகிற ஷூக்களை நான் பார்க்கிறேன் இல்லையா, ஒரு பக்கம் தேய்ந்த சோல் வந்தால் கம்பெனித் தப்பா, போட்டவர் நடையா என்று பிரித்துப் போட வேண்டும். தேய்ந்த காலில்தான் கோளாறு என்று கிடையாது. ஒரு கால் நொண்டினால் மற்றக் கால் ஷூதான் முதலில் போகும். அப்பாவின் நல்ல கால் செருப்பு இப்போது அப்படித்தான் போயிருக்கிறது. அதைக் கழுவி வெயிலில் வைக்கும்போது தோன்றியது. முன்னால் தேய்ந்தால் பின்னால் பார்த்தால் என்ன என்று. பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, தானிஷை வண்டியோடு ஆதிகேசவன் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆதிகேசவன் மெக்கானிக்கை உனக்குத் தெரியும். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்குக் கயிறு பிடித்து இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் மூன்று விரல் அதிகம். பின் அச்சு இடது பக்கம் பின்னால் தள்ளிப்போய்க் கோணலாக நிற்கிறது. அடியில் படுத்துப் பார்த்தவர் சத்தம் போடாமல் என்னைக் கூப்பிட்டார். அச்சை ஸ்பிரிங் மாதிரி இருக்கும் கமான் பட்டையோடு பிடித்து வைக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தது. “உப்பு அரிச்சிருக்குக்கா, இல்லேன்னு சொல்லல. ஆனா உப்பு இரும்ப மடக்காது. எங்கியோ கட்ட மேல ஏத்தியிருக்காங்க, பட்ட மாட்டற எடமே மடங்கிக்கீது பாருங்க. பின்னாடி ஒரு பக்கமா தள்ளுது, நேரா போறதுக்கு ஸ்டேரிங்க எப்பவும் ஒடிச்சே புடிக்கணும், யாரு ஓட்டனாலும் முன் டயரு தேயத்தான் செய்யும்” என்றார். மடங்கிய இடத்தில் பழைய துரு, தானிஷ் வருவதற்கு முன்னால் பட்ட அடி. அதன் இடுக்கில் மஞ்சள் பெயின்ட். பாலத்துக் கட்டையில் அடிக்கிற மஞ்சள்.

அங்கிருந்து சர்தார் பாஷா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மஹ்பூபி என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நான் மஞ்சள் பெயின்ட் என்று மட்டும்தான் சொன்னேன். “அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்த அன்னிக்கு வண்டிய எடுத்துட்டு வந்தவன் நான்தானேக்கா. பாலத்துக் கட்ட பேந்து கெடந்துச்சு. எடது பின்சக்கரம் ஏறி எறங்கிட்டுதான் நின்னுருக்கு. பக்கத்துல டீக்கட. ஜனங்க எழுந்து ஓடியிருக்காங்க, ஆண்டவன் புண்ணியம், யாருக்கும் படல. அண்ணன் ஓரம் கட்டல, வண்டி தானா நின்னுச்சு” என்றார். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அப்பா இவர் கையைத்தான் பிடித்தாராம். “யாருக்கு அடிபட்டுச்சுன்னு கேக்கறாருன்னு தெரிஞ்சுச்சு. அழகா ஓரங்கட்டிட்டுதாண்ணா சாஞ்சீங்கன்னு சொன்னேன். அதையே ஊரு புடிச்சிக்கிச்சு.” பிறகு இவரே அச்சை வெளியிலிருந்து பிடிக்கும் யு போல்ட்டை இறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். உள்ளே அறுந்தது தெரியாது. நீ கேட்ட அன்று ஏன் சொல்லவில்லை என்றேன். “பின்னாடி பாருங்கன்னா எப்ப இடிச்சதுன்னு கேப்பீங்க. அண்ணன் எதிர்லயே உக்காந்துனு கீறாரு. நான் இன்னான்னு சொல்றதுக்கா.”

பஸ்ஸில் வரும்போது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வண்டியைச் சரி செய்தாகிவிட்டது. அச்சை இழுத்து நேராக்கி, போல்ட் மாற்றி, மடங்கியதை வெட்டி எடுத்துப் புதிது போட்டார்கள். அப்பாவிடம் உப்பு போல்ட்டைத் தின்றுவிட்டது என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியுமோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தானிஷ் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிட்டான். வண்டி ஷெட்டில் நிற்கிறது. சர்தார் பாஷாவைத் திரும்ப வாருங்கள் என்றேன். “தம்பி ஒரு வார்த்த கூப்ட்டா வர்றேன்க்கா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் முறை என்பதுபோலச் சொன்னார். எனவே நீ கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவர் நம்பருக்கு. நியாயம் பேசாதே. அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, மன்னிப்பு என்று பெரிதாக ஆரம்பித்து அவரைச் சங்கடப்படுத்தாதே. சின்ன வயதில் கூப்பிட்டது மாதிரி மாமா என்று கூப்பிட்டு, வண்டியை எடுங்கள் என்று சொல். அவருக்குப் புரியும்.

பனியில் வேகம் வேண்டாம். காலுக்கு இரண்டு சாக்ஸ் போடு. நீ போகிற சாலையெல்லாம் கர்த்தர் உன் கூடவே வரட்டும். அப்பாவும் நானும் உனக்காக ஜெபிக்கிறோம், அவர் உதடு மட்டும் அசையும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவிடம் பேசும்போது உப்புதான் காரணம் என்று நீயும் சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
கிறிஸ்டினா இன்பராஜ்