ஏழாவது பல்பு

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, மூன்றாம் பக்கத்திலிருந்து உன் எழுத்து சரிந்து சரிந்து கோட்டுக்குக் கீழே போயிருப்பதைப் பார்த்தாலே தூக்கமில்லாமல் எழுதியது தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் காட்டு முகாமில் போன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்று நீ சொன்னபோது இதென்ன கூத்து என்று திட்டினேன், இப்போது அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நான் சொல்ல வேண்டியதை போனில் சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் வீட்டு விஷயம். உன் தம்பி வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ணுகிறேன் என்று பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினான், ஒரு ஸ்க்ரூ மிச்சம். கேட்டால், "அது எக்ஸ்ட்ராப்பா, கம்பெனிக்காரன் தெரியாமப் போட்டுட்டான், அதான் ஓடுதுல்ல" என்கிறான். ஓடுகிறது, துணி காயப்போடும் அறை வரைக்கும் ஓடுகிறது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா உன்னை விசாரித்தார், படித்த பெண் காட்டில் என்ன பண்ணுது என்று. பத்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறாள் என்றேன். "அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம், எங்க வீட்டுல ரெண்டு இருக்கு, வந்து தூங்க வைக்கச் சொல்லு" என்றார். எனக்கு நீரேற்று நிலையத்தில் வேலை எப்போதும்போல, இரண்டாவது மோட்டார் அதிர்கிறது, மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், மேலே இருப்பவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. இரவில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து மூச்சைக் கேட்டுப் பிள்ளைகளை எண்ணுவது உயிரை வாங்குகிறது, கட்டிலுக்கு அடியில் வைக்கிற மாதிரி ஏதாவது சென்சார் சர்க்யூட் வரைந்து அனுப்புங்கப்பா, படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வேன் என்று கேட்டிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். எனக்கு வரையத் தெரியாது என்று நினைக்காதே, அந்த சர்க்யூட்டை நான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே முகாமில், ஓடைக்குப் பக்கத்து ஆண்பிள்ளைகள் குடிலில் செய்து மாட்டியிருக்கிறேன். நீ அலமாரியில் பார்த்து ஆசைப்பட்டுத்தானே அந்த முகாமுக்கே விண்ணப்பம் போட்டாய், நான் அரைக்கால் சட்டையோடு கையில் பாராட்டுச் சான்றிதழ் பிடித்து நிற்கும் அந்தப் போட்டோ. அது எப்படி எடுத்த போட்டோ என்று உனக்கு நான் சொன்னதில்லை. கடிதத்தின் கடைசியில் சிரித்துக்கொண்டு ஒரு பேய்க்கதை எழுதியிருக்கிறாயே, ராத்திரி மூன்று மணிக்கு ஓடைப்பக்கமிருந்து "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடும் கல் திருடன் கதை, கட்டிலில் கல்லைப் போர்த்திவைத்து எல்லாரையும் ஏமாற்றிவிட்டு வெளியே போய் முங்கிச் செத்த பையன் என்று. அதைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என்னங்க ஆச்சு என்று கேட்டாள், பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது, பாலிடெக்னிக் முடித்த கையோடு கோடை வேலைக்கு அங்கே போனேன். என் குடிலில் பதினோரு பையன்கள். மூச்சைக் கேட்டு எண்ணி, கடைசியில் எண்ணுகிறவன் தன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தன்னை எண்ண மறந்தால் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம், அதுதான் அங்கே முறை. இன்னும் அதே முறைதான் போலிருக்கிறது. எனக்கு அது மடத்தனமாகப் பட்டது. படித்தவன் எதற்கு எழுந்து நடக்க வேண்டும். இரண்டு தகரத் தகடு, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு, இதை மெத்தைக்கு அடியில் வைத்தால் எடை விழுந்ததும் தகடுகள் தொட்டுக்கொள்ளும், என் தலைமாட்டுப் பலகையில் அந்தக் கட்டிலுக்கான பல்பு எரியும். பதினோரு கட்டில், பதினோரு பல்பு. பையன்களுக்கும் தெரியாது, மேலே யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் ராஜா மாதிரி படுத்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்து பல்பைப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது கட்டிலில் எட்டு வயதுப் பையன் ஒருவன், ஓடையில் இறங்கினால் பாக்கெட் நிறையக் கல்லோடுதான் ஏறுவான், எல்லாரும் கூழாங்கல் என்றே கூப்பிட்டோம். அவன் கல்லெல்லாம் தரையில் உருண்டு ஒரு நாள் என் காலில் ஏறிவிட்டது. உன் அப்பன் கோபம்தான் உனக்குத் தெரியுமே. அவ்வளவு ஆசையா இருந்தா கட்டில்லயே கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குடா, கீழ ஒரு கல்லு கிடந்தாலும் தூக்கிக் காட்டுல எறிஞ்சிடுவேன் என்று கத்தினேன். அவன் சரிண்ணா என்றான். தலையணை உறை ஒன்றில் அத்தனை கல்லையும் போட்டுக் கட்டிப் பக்கத்தில் வைத்துப் படுத்தான். நான்தான் சொன்னேன், அவன் சொன்னபடி செய்தான், இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அன்று பகலில் பூச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஓடைக்குக் கூட்டிப்போய், கல்லுக்கு அடியில் முட்டையிடும் சிற்றுயிர்கள் உண்டு, கல்லைப் புரட்டினால் இருந்த மாதிரியே திருப்பி வைக்க வேண்டும், காய்ந்தால் செத்துப்போகும் என்று காட்டினார். ராத்திரி படுக்கையில் தன் கற்களைத் தடவிக்கொண்டிருந்த கூழாங்கல்லுக்கு ஒன்றின் அடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பி வைக்கக் கிளம்பிவிட்டான். அவன் இறங்கியதும் பல்பு அணைந்திருக்க வேண்டும். மிச்சக் கல் மூட்டை அவன் படுத்த பள்ளத்தில் உருண்டு நின்றுகொண்டது, தகடுகள் விலகவில்லை. நான் அதை ஆட்களைப் படுக்கவைத்துச் சோதித்திருந்தேன், கல்லை வைத்துச் சோதிக்கவில்லை. பல்பு சொன்னதெல்லாம் எடை இருக்கிறது என்பதுதான், பையன் இருக்கிறான் என்று படித்துக்கொண்டது நான். இரண்டு மணிக்குப் பார்த்தேன், பதினொன்றும் எரிந்தன, கையெழுத்து. மூன்று மணி சுமாருக்குத் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ண்ணா, என்று இழுத்து. இடைவெளி விட்டு மறுபடி. ஏதோ ஆந்தை என்று நினைத்தேன். அப்படியும் சந்தேகமாகத் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தேன் மகளே, பதினொன்றும் எரிந்தன. என் காது ஒன்று சொன்னது, நான் செய்த பலகை ஒன்று சொன்னது, பலகையை நம்பித் திரும்பிப் படுத்தேன். நான்கு மணிக்கும் கையெழுத்துப் போட்டேன்.

விடிந்ததும்தான் கட்டிலைப் பார்த்தேன். ஓடை வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. குடிலிலிருந்து இருநூறு அடி இருக்காது. கரை சரிந்து உள்ளே விழுந்தவன் ஏற வழியில்லாமல் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மார்பளவு குளிர்ந்த நீரில் நின்றிருந்தான். சாகவில்லை. பேய்க்கதையில்தான் சாகடித்திருக்கிறார்கள். உதடு நீலமாக இருந்தது, குரலே இல்லை, தூக்கிக்கொண்டு வரும்போது காதுக்குள் காற்று மாதிரிச் சொன்னான், "நிறைய தடவை கூப்பிட்டேண்ணா, நீங்க வந்துடுவீங்கன்னு தெரியும், முட்டை காஞ்சிடும்ல, அதான் போனேன்." அவனை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா. குடிலுக்கு ஓடினேன். தகடு, வயர், பலகை அத்தனையையும் பிடுங்கி என் பைக்குள் திணித்தேன், பத்தே நிமிஷம், ஒரு துண்டு வயர்கூட மிச்சமில்லை. அப்புறம் முகாம் தலைவி வந்தார். மூன்று முறையும் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டார். போர்வைக்குள் ஆள் மாதிரித் தெரிந்தது என்றேன். போர்வையைத் தூக்கினார், கல் மூட்டை கிடந்தது. "பாத்தீங்களா, ஆள் மாதிரி செட் பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான், எட்டு வயசுல என்ன மூளை" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள், அழைத்துப்போக வந்த அவன் அம்மா ஆபீஸ் அறையில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் அழவில்லை. என்னைப் பார்த்தான். அண்ணன் இப்போது சொல்லிவிடுவார் என்று பார்த்தான், ஓடையில் நின்று கூப்பிட்டபோதும் அப்படித்தான் நம்பிக்கொண்டு நின்றிருப்பான். நான் தரையைப் பார்த்தேன். மாதக் கடைசியில், சரியான நேரத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றியதற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதுதான் அந்தப் போட்டோ.

இப்போது தெரிகிறதா, நீ சின்னவளாக இருந்தபோது ராத்திரியில் உன் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஏன் நிற்பேன் என்று. பதினான்கு வயதில் எழுந்து உட்கார்ந்து, "என்னப்பா இது, ஜெயில் வார்டன் மாதிரி" என்று தலையணையை எறிந்தாய். நான் போர்வையைப் பார்க்க வரவில்லை, மூச்சைக் கேட்க வந்தேன். ஆபீசில் பேனலில் பச்சை விளக்கு எரிந்தாலும் எழுந்து போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று விரட்டுவேன், எனக்கு முதுகுக்குப் பின்னால் பெயரே 'போய்ப் பார்' சார்தான். உன் கடிதம் வந்த அன்று டூல்ஸ் பெட்டிக்கு அடியிலிருந்து அந்த ஏழாவது பல்பை எடுத்து ஒரு பேட்டரியில் தொட்டேன், இன்னும் எரிகிறது. சில ராத்திரி இங்கே, ஓடையும் இல்லாத இந்தத் தெருவில், மூன்று மணிக்கு அந்தக் குரல் கேட்கும், எழுந்து போய் வாசல் வரைக்கும் பார்த்துவிட்டு வருவேன். உன் அம்மா இவ்வளவு காலம் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். முந்தாநாள் எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டாள். அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு இப்ப முப்பத்தாறு வயசு இருக்குமே, எங்கயாச்சும் போய், நான் ஏமாத்தலன்னு இன்னும் யார்கிட்டயாவது சொல்லிட்டிருப்பானோ" என்றாள். நேற்று முகாம் அலுவலகத்துக்கு உட்கார்ந்து எழுதினேன், பல்பு, தகடு, நான் சொன்ன சொல், சொல்லாத சொல் எல்லாம், அந்தக் கதையை இனிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றும், பழைய பதிவேட்டில் அவன் முகவரி இருந்தால் தர வேண்டும் என்றும். சான்றிதழையும் உள்ளே வைத்துவிட்டேன். உன் கையில் கொடுத்தனுப்பினால் உன்னைச் சிக்கலில் மாட்டுவதாகும் என்று நேராகத் தபாலில் போட்டேன். இதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்தால் என்மேல் கோபப்படு, நியாயம்தான்.

நான் பயப்படுவது அதற்கில்லை. உன் கடிதத்தில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். கடைசிக் கட்டில் பெண் அந்துப்பூச்சி பார்க்க விளக்குக் கம்பத்தடிக்கு அடிக்கடி நழுவிவிடுகிறாள் என்று ஒரு வரி. போன வாரம் நிஜமாகவே உனக்கு ஒரு குரல் கேட்டது, கல் திருடன் வந்துவிட்டான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பார். குரல் கேட்டால் பிள்ளைகள் வெளியே வரக்கூடாது என்பதற்காக அங்கே சொல்லும் கதை, அந்தக் கதையாக மாறிய என் பொய்தான், இப்போது எழுந்து போக வேண்டிய உன்னைப் படுக்க வைத்திருக்கிறது. பேய் அங்கே கிடையாது. இருந்தால் அது நான்தான், நான் இங்கே இருக்கிறேன். குரல் கேட்டால் அது ஒரு பிள்ளையின் குரல், ஆந்தையாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டு வந்து படு. தூக்கம் போதவில்லை என்றால் ஆள் மாற்றிவிடச் சொல்லி வாயைத் திறந்து கேள், உனக்கு வாய்க்கா பஞ்சம். இத்துடன் நல்ல டார்ச் ஒன்றும் நான்கு செட் பேட்டரியும் அனுப்பியிருக்கிறேன், ஈர சாக்ஸோடு படுக்காதே, அம்மா இரண்டு ஸ்வெட்டர் வைத்திருக்கிறாள், பச்சை நிறம் பிடிக்காது என்று ஆரம்பிக்காதே. கதையைப் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல், ஒரு பையன் பூச்சி முட்டைக்காக ராத்திரியில் ஓடைக்குப் போனான், அவன் பொய் சொல்லவே இல்லை என்று.

நீயும் உன்னை நம்பித் தூங்கும் பத்துப் பேரும் ஒரு குறையுமில்லாமல் வீடு திரும்ப வேண்டும், வேறெந்த வரமும் நான் கேட்கப்போவதில்லை. இங்கே ராத்திரி எண்ணினால் அம்மா, தம்பி, நான் என்று மூன்றோடு நின்றுவிடுகிறது, உன் அறைக் கதவை இன்னும் பழக்கத்தில் திறந்து பார்க்கிறேன். அங்கே உனக்குப் பதினொன்று வர வேண்டும், பதினொன்றாவது நீ, உன்னையும் சேர்த்து வாய்விட்டுச் சொல். இன்று ராத்திரி பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழுந்து, குனிந்து, மூச்சைக் கேட்டு, போய்ப் பார்.

உன் தூக்கத்தைக் கெடுக்கும்,
அப்பா