இருபதாவது ஆள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளையும் நலம். உங்கள் நலத்தை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் கடிதம். உங்களுக்கு மாற்றுத்துணி வாங்கிப் போக வந்திருக்கும் டிரைவர் நம் தெருக்காரர், பிரிக்காமல் கொடுப்பார். ரத்த அழுத்த மாத்திரை சட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. காலையில் ஒன்று.

செவ்வாய்க்கிழமை கட்சிக் கூட்டத்துக்குப் போன மனுஷன் வீடு திரும்பவில்லை என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சட்டமன்ற உறுப்பினரான என் கணவரைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாக வாங்கிக்கொண்டார். பிறகு அங்கிருந்த டிவியைக் காட்டி, இவரா பாரும்மா என்றார். ஏதோ சொகுசு ஓட்டல். நீச்சல் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கடத்தினவங்க நல்லாத்தான் கவனிச்சுக்கிறாங்க என்றார் ஒரு காவலர். ஸ்டேஷனே சிரித்தது.

இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் அரசு ஆஸ்பத்திரியைத் தனியாருக்கு விற்கத் துடிக்கிற கட்சியோடா போய் ஒட்டிக்கொண்டீர்கள்? விற்க விடமாட்டேன் என்று சொல்லித்தானே ஓட்டுக் கேட்டீர்கள்? பிரசவ வார்டு நர்ஸ்கள் இரவு டூட்டி முடிந்த கையோடு, தூங்காமல், உங்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார்களே. இன்று யாரும் என்னைத் திட்டவில்லை. நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கட்சி மாறினால் பதவி போய்விடும் என்பார்களே என்று உங்கள் வக்கீல் தங்கையைக் கேட்டேன். தனியா போனாத்தான் அண்ணி போகும், மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்து போனா அதுக்குப் பேரு கட்சி இணைப்பு, ஒண்ணும் ஆகாது என்றாள். ஒருத்தன் செஞ்சா துரோகம், கும்பலா செஞ்சா சட்டமா என்று அவளிடம் கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள், பாவம். பிறகு மீதியையும் சொன்னாள். உங்கள் கட்சியில் முப்பது பேர். இருபது பேர் வேண்டும். நீங்கள் போகும்வரை அங்கே பத்தொன்பதுதான்.

கூட்டத்தில் நானும் ஒருத்தன், என்னால் என்ன ஆகிவிடும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உங்களால்தான் எல்லாம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை இணைப்புக்காகச் சபாநாயகர் முன்னால் நீங்கள் நிற்காவிட்டால் மற்ற பத்தொன்பது பேரின் பதவிக்கும் ஆபத்து. அது அவர்களுக்கும் தெரியும். உங்களைச் சும்மா விடுவார்களா?

புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி அந்தக் கட்சி ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஸ்டேஷனில் சிரிப்பாய்ச் சிரித்தும் போதவில்லையா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

நாளைக்கு இன்ஸ்பெக்டர் உங்களிடம் வாக்குமூலம் வாங்க அங்கே வருகிறார். என்னை மிரட்டித்தான் கூட்டி வந்தார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர் ஜீப்பிலேயே ஏறி வந்துவிடுங்கள். அது பொய்யாக இருந்தால் என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம். நான் நம்பிக்கொள்கிறேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி