ஒன்றா, ஏழா?

12-5-84, திருத்தணி
அம்சா போய் நாலு மாதம். இன்று மெட்ராஸ் துறைமுகம் போனேன். வேலைக்கு இல்லை. அங்கே கிரேன் எலக்ட்ரீஷியன் நான், இன்னும் லீவில்தான் இருக்கிறேன், பெண்டாட்டி செத்த லீவு. அவள் தம்பி சிங்காரம் பொதட்டூர்பேட்டையில் பத்துத் தறி வைத்து மூன்று மாதமாய் நெய்த லுங்கியெல்லாம் முதல் தடவையாகக் கன்டெய்னரில் சிங்கப்பூர் போகிறது. ரம்ஜானுக்கு முன்னால் போய்ச் சேராவிட்டால் அங்கே எடுக்கமாட்டார்கள். அனுப்புகிற வியாபாரி ஹயாத் பாஷா, "நீ கூட இருந்தா தெகிரியம் தம்பி" என்றார். பெட்டி நம்பரை நான் படித்தேன். அவர் எழுதினார்.

14-5
சிங்காரம் சண்டைக்கு வந்தான். "சிங்கப்பூரு கெழக்கால கீது. கப்பல் எதுக்கு பாவா கொழும்புக்குப் போவுது?"

சின்னக் கப்பல் கொழும்பில் இறக்கும், பல ஊர்ப் பெட்டியும் அங்கே சேர்ந்து பெரிய கப்பல் ஏறும் என்றேன். விழித்தான். நாம் பெங்களூர் போக அரக்கோணத்தில் வண்டி மாறுகிற மாதிரி என்றேன்.

"அப்ப கொழும்புதான் கடலுக்கு அரக்கோணம். வண்டிய உட்டுட்டா?"

"அடுத்த வண்டி."

"அரக்கோணத்துல வண்டிய உட்டவன் கதி எனக்குத் தெரியும் பாவா."

22-5
ஒன்றுமில்லை. வெயில்.

31-5
வண்டியை விட்டாச்சு. காகிதத்தில் இருக்கிற நம்பருக்குக் கொழும்பில் பெட்டி இல்லையாம். பெரிய கப்பல் போய்விட்டது. கப்பல் ஏஜென்ட் போனில் கத்தியது பாஷா கடைத் தெரு முழுக்கக் கேட்டது.

"அம்மாம் பெரிய இரும்புப் பொட்டி! எவன் இடுப்புல சொருவினு போனான்?" என்கிறார் பாஷா.

சிங்காரம் சாப்பிடவில்லை. தறிக்காரர்கள் கூலி கேட்டு அவன் வாசலில்.

1-6
கன்டெய்னர் நம்பரில் கடைசி எண் சும்மா இல்லை. முன்னால் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டுப் பதினொன்றால் வகுத்தால் வருகிற மீதி அது. காகிதத்தில் 4. எனக்கு வருவது 9. மறுபடி போட்டேன் — 9. நடுவில் ஒரு 7 இருந்தது. அதை 1 ஆக்கிப் பார்த்தேன். 4!

பாஷாவிடம் ஓடினேன்.

"கிரேன் சத்தத்துல காதுல உழலேன்னு அன்னிக்கே கேட்டேனே தம்பி, ஒன்னா ஏழானு! நீ ஆங்-னே!"

எதுக்கு ஆங்? ஒன்னுக்கா, ஏழுக்கா? நாலு மாசமா எவன் என்ன கேட்டாலும் ஆங். சாப்டியா — ஆங். தூங்கினியா — ஆங். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சுடும் எனக்கு? பாவம், சிங்காரம்.

பாஷா திட்டவில்லை. "நானும் மனசுக்குள்ள பூவா தலையா போட்டுத்தான் எழுதினேன்" என்றார். சரியான நம்பர் உடனே டெலக்ஸில் கொழும்புக்குப் போனது.

9-6
பெட்டி கப்பல் ஏறிவிட்டது! பதினாலாம் தேதி சிங்கப்பூர். அதற்கு அப்புறமும் ரம்ஜானுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. பாஷா கடையிலிருந்து ஓடி வந்து வாசலிலேயே கத்தினேன். "அம்சா! பொட்டி கெளம்பிடுச்சு!"

அடுப்படியில் அம்மா மட்டும். கையில் கரண்டி.

அழுதேன். அம்சா போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. ரசம் பொங்கி அடுப்பே அணைந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, அவ்ளோ பெரிய பொட்டிய கொழும்புல யாருடா தூக்கனாங்க?"

கிரேன் என்றேன். எப்படித் தூக்கும் என்றாள். கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினேன்.

11-6, துறைமுகம்
காலை வண்டியில் வந்து வேலையில் சேர்ந்தேன். டப்பாவில் புளிசாதம். உப்பே இல்லை. சாயங்காலம் போய் அம்மாவிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.