பதினொரு டாலியா மொட்டுகள்

மே 6
தண்ணீர் ஊற்றி முடித்து ஆபீஸ் கிளம்ப எட்டு மணி. டாலியா மட்டும் இருபத்துமூன்று செடி, பின்னால் கல்வாழை வரிசை. எல்லாம் என் வீட்டுக்காரர் வைத்தது. வருஷா வருஷம் பட்டுப்போகும், கோடைக்கு முன்னால் கிழங்கிலிருந்து தானே முளைக்கும். அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருந்து உத்தரவு போடுகிறார். "வேர்ல ஊத்து, இலையில இல்ல." சரி மகாராஜா. விரல் பயிற்சிக்குப் பிசியோ பெண் கொடுத்த ரப்பர் பந்து மறுபடியும் கட்டிலுக்கு அடியில்.

மே 9
முதுகு வலி. எழுத வேறொன்றும் இல்லை.

மே 17
வாடின பூவின் தலையை வெட்டினால்தான் அடுத்தது பூக்கும் என்று நாலு நாளாக நச்சரிப்பு. ஆபீஸிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் கத்தரியை எடுத்தேன். இதழ் கொட்டினபின் எல்லாம் ஒரே பச்சைக் குமிழ்தானே? ஜன்னல் கண்ணாடியை இடது கையால் தட்டினார். அவசரப்படுத்துகிறார் என்று இன்னும் வேகமாக வெட்டினேன். பதினொன்று. அத்தனையும் மொட்டு.
"உருண்டையா கெட்டியா இருந்தா மொட்டு. கூம்பா, மெத்துனு இருந்தா முடிஞ்சது. பதினெட்டு வருஷமா இந்த வீட்லதானே இருக்கே?"

மே 18
காலையிலும் அதே முகம். பொறுக்கவில்லை. சமையல் நான், ஆபீஸ் நான், உங்களைக் குளிப்பாட்டறது நான், இதுல டாலியா வேறயா? உங்க தோட்டம், நீங்களே பாருங்க.
"கை சரியாகட்டும், பாத்துக்கறேன்."
"ஆகலைன்னா?"
வாயிலிருந்து விழுந்துவிட்டது. இந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாதது. பந்தை எடுத்துத் தரச் சொன்னார், அவ்வளவுதான்.

மே 24
தண்ணீர் மட்டும். செடி என்ன செய்யும், பாவம். பூவெல்லாம் கறுத்துத் தொங்குகிறது. அவர் பந்தை அமுக்குகிறார். விரல் மடங்குவதாகத் தெரியவில்லை.

ஜூன் 2
பிசியோ பெண்ணை வாசல் கேட் வரை வழியனுப்பப் போனேன். தயங்கினாள். "தோள் நல்லா தூக்கறார் அக்கா. விரல் இதுக்கு மேல வராது. இடது கையைத்தான் பழக்கணும்."
"அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"
"போன மாசம் முதல் வாரமே சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார்."
அப்படியென்றால் நான் கேட்ட அன்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பந்தைக் கேட்டிருக்கிறார். யாருக்காக? எனக்காகவா? நான் என்ன ஜென்மம்.

ஜூன் 3
"எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன்.
"நீ ஏற்கெனவே ஓஞ்சு போய் நிக்கற. இதையும் எதுக்குத் தலையில ஏத்தணும்னு..."
இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் பசித்தது.

ஜூன் 8
இடது கைக்கான கத்தரி கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். "அப்படி ஒண்ணு இருக்கா மேடம்?" என்று கடைக்காரர் என்னையே கேட்கிறார். நாலாவது கடையில் ஒன்றே ஒன்று இருந்தது.

ஜூன் 19
அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் ஒரு மணி நேரத்தில் நாலு செடி. வெட்டெல்லாம் எலி கடித்த மாதிரி. வாயைத் திறக்காமல் நின்றேன், மணி எட்டரை.
"ஆபீஸுக்கு நேரமாகலையா? போ. போறதுக்கு முன்னாடி ஸ்டூலை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிப் போடு."
தள்ளிப் போட்டேன்.